கண்ணம்மா என்ன சொன்னாள்?

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் ஒரு செக்கு இருக்கிறது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. அதற்குச் சற்றுத் தள்ளி, மர நிழலில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வாசிப்போம். பெரும்பாலும் பக்கத்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள். தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் சிலர், மேற்படிப்புக்கு வந்தவர்கள் சிலர். விடுதி அறையில் சத்தமாகப் படித்தால் அடுத்த கட்டிலில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவள் எழுந்துவிடுவாள் என்பதால்தான் இங்கே வர ஆரம்பித்தோம்.

சென்ற ஆண்டு ‘கண்ணன் பாட்டு’ வாசித்தோம். எல்லோருக்கும் பாதிப் பாடல்கள் ஏற்கெனவே தெரியும். சினிமாவில் கேட்டது, பள்ளி ஆண்டு விழாவில் ஆடியது, அப்பா வண்டி ஓட்டும்போது முணுமுணுத்தது. அதனால் வாசிப்பதைவிடப் பாடுவதே அதிகம் நடந்தது. மூன்றாவது ஞாயிறு, கண்ணம்மாவைக் காதலியாகப் பாடும் பாடல்களை முடித்தபோது, அதுவரை பேசாமல் இருந்த ஒருத்தி கேட்டாள்: “ஏன்க்கா, இத்தனை பாட்டுல அந்தக் கண்ணம்மா ஒரு வார்த்தையாவது பேசுதா?”

பேசுகிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புத்தகத்தைத் திருப்பி எண்ணிப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கையிலிருந்து வந்தது.

‘கண்ணன் பாட்டு’ 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்து வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார். மொத்தம் 23 பாடல்கள். கண்ணன் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, குருவாக, குழந்தையாக, காதலனாக, காதலியாக, ஆண்டானாக, குலதெய்வமாக வருகிறான். ஒரு கண்ணனுக்கு இத்தனை வேடங்கள் என்றுதான் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் வேடம் கட்டுபவர் பாரதிதான் என்பது தெரியும். கண்ணன் சேவகன் என்றால் பாடுபவர் ஆட்கள் தொல்லையால் அலுத்துப்போன வீட்டு எஜமான். கண்ணன் சீடன் என்றால் பாடுபவர் தோற்றுப்போகும் குரு. கண்ணன் ஆண்டான் என்றால் பாடுபவர் பண்ணையாள். கண்ணன் காதலன் என்றால் பாடுபவர் பெண்.

பாரதிக்கு வேடம் புதிதல்ல. ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன், நித்திய தீரர், ஓர் உத்தம தேசாபிமானி என்று புனைபெயர்கள் அவருக்கு வரிசையாக உண்டு. அந்த வரிசையில் சாவித்திரி என்ற பெயரும் இருக்கிறது. 1905இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்களுக்கான மாத இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்தவர். ஷெல்லிக்குத் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவரை ரொமாண்டிக் என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாட்டுக்கு மெட்டும் அவரே போட்டார். ‘கண்ணன் பாட்டு’ப் பாடல்கள் பலவற்றின் தலையில் ராகம், தாளம், சிலவற்றில் ரசம்கூட அச்சிடப்பட்டிருக்கிறது. பாடி வழங்கும்போது நாம் அவற்றையெல்லாம் மாற்றிக்கொண்டோம். ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்கு அவர் போட்டது பைரவி. நமக்குத் தெரிந்ததோ 1951இல் வந்த ‘மணமகள்’ படத்து ராகமாலிகை. பிரிவாற்றாமைப் பாட்டுக்கு அவர் எழுதியது பிலஹரி. மேடையில் இன்று கேட்பது ஜோன்புரி.

இந்த ராக, ரசக் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னொரு ஆள் நினைவுக்கு வருவார். ஜெர்மனியின் ராபர்ட் ஷூமன். மேற்கத்திய இசையில் ரொமாண்டிக் காலத்தின் முக்கியமான ஆள். அவர் தனக்குள் இரண்டு பேரை உருவாக்கிப் பெயரும் வைத்தார். துடிப்பும் கோபமும் கொண்ட ஃபுளோரெஸ்டான், கனவும் தயக்கமும் கொண்ட யூசிபியஸ். 1831இல் இளம் ஷோப்பின் பற்றி எழுதிய விமர்சனத்திலேயே இருவரும் பாத்திரங்களாக வந்து பேசினார்கள். 1834இல் அவர் முன்னின்று தொடங்கிய இசை இதழில் தொடர்ந்து விமர்சனங்களில் கையெழுத்துப் போட்டார்கள். 1837இல் எழுதிய ‘டேவிட் கூட்டத்தார் நடனங்கள்’ என்ற பியானோ தொகுப்பில் பெரும்பாலான துண்டுகளின் அடியில் பெயரின் முதல் எழுத்துதான் இருக்கும். சிலவற்றில் ஒருவர், சிலவற்றில் மற்றவர், சிலவற்றில் இருவரும். பாரதி பாட்டின் தலையில் எழுதுவதை அவர் பாட்டின் காலில் எழுதினார். ‘இதை யார் பேசுவதாகக் கேட்க வேண்டும்’ என்ற குறிப்புதான் இரண்டும்.

அதே ஷூமனின் ‘கார்னிவல்’ என்ற தொகுப்பு ஒரு மாறுவேடத் திருவிழா. அதில் ஃபுளோரெஸ்டானும் யூசிபியஸும் தனித்தனித் துண்டுகளாக வருகிறார்கள். சியாரினா என்றொருத்தியும் வருகிறாள். அவள் கிளாரா வீக். அந்தச் சமயத்தில் பதினைந்து வயதுப் பெண், ஏற்கெனவே மேடைகளில் புகழ்பெற்ற பியானோ கலைஞர், தானே இசை எழுதியவர். ஷூமன் தனக்கு இரண்டு வேடம் எடுத்துக்கொண்டு அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். அவருடைய இரண்டு வேடங்களும் இதழ் நடத்தின, வாதாடின, கையெழுத்துப் போட்டன. அவளுக்குத் தைத்த வேடம் கார்னிவலில் ஒன்றரை நிமிடம் ஒலிக்கும் ஒரு படம். ‘டேவிட் கூட்டத்தார் நடனங்கள்’ கிளாரா எழுதிய ஒரு சிறு இசைத் தொடரோடுதான் ஆரம்பிக்கிறது. அதன் மேல் ‘சி.வி.’ என்று இரண்டு எழுத்து மட்டும். 1840இல் திருமணம். மறு ஆண்டு இருவர் பெயரிலும் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட தொகுப்பு வந்தது. மூன்று அவளுடையவை. எந்த மூன்று என்று அந்தப் பதிப்பில் போடவில்லை. எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். 1856இல் ஷூமன் மனநோய் விடுதியில் இறந்தார். கிளாரா 1896 வரை வாழ்ந்தார், கச்சேரி செய்தார், கற்பித்தார், கணவரின் எழுத்துகளைப் பதிப்பித்தார். அந்த நாற்பது ஆண்டுகளில் சொந்தமாக எழுதியது மிகக் குறைவு.

இந்தக் கதையை நான் ஷூமனைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருடைய இசை எனக்குப் பிடிக்கும். வேடம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் சுலபமாகத் தெரிகிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் சங்கடம். ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் பாரதி.

எண்ணிக்கைக்கு வருகிறேன். கண்ணனைக் காதலனாகப் பாடும் பாடல்கள் ஐந்து. காந்தனாகப் பாடுவது ஒன்று. ஆக ஆறு பாடல்கள் பெண் குரலில். கண்ணம்மாவைக் காதலியாகப் பாடுபவையும் ஆறு. ஆறுக்கு ஆறு. இப்படி ஒரு தராசு தானாக அமைந்துவிட்டது. தூக்கிப் பார்க்காமல் எப்படி இருப்பது?

முதல் ஆறில் அந்தப் பெண் எவ்வளவு பேசுகிறாள்! தூக்கம் வரவில்லை என்கிறாள், சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள், வைத்தியன், சோதிடன், தாய் எல்லோரும் செய்த ஆர்ப்பாட்டத்தைச் சொல்கிறாள். இன்னொரு பாட்டில் இரவு நேரமாகியும் தூங்காமல் கூத்தடிக்கும் தோழிகளைப் போய்ப் படுக்கச் சொல்லித் திட்டுகிறாள். அதன் தலைப்பில் பாரதி பீபத்ஸம், சிருங்காரம் என்று இரண்டு ரசங்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறார். ஒரு பெண்ணின் காதலோடு அருவருப்பையும் சேர்த்து எழுதலாம் என்று தோன்றியதே பெரிய விஷயம். (விடுதியில் நான்கு கட்டில் அறையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் மீது தனிப் பாசம் உண்டு.) தோழியைத் தூது அனுப்பும் பாட்டில் வருவது ரௌத்திரம். வாக்குத் தவறியவனைப் பிடிபிடியென்று பிடிக்கிறாள். பிரிவாற்றாமைப் பாட்டில் அவள் சொல்லும் துயரம் வேறெங்கும் நான் கேட்காதது: அவன் மேல் வைத்த அன்பு அப்படியே இருக்கிறது, அவன் முகம்தான் மறந்துவிட்டது. பார்க்க ஒரு படம்கூடக் கையில் இல்லை. பெண்களில் தன்னைப் போல ஒரு பேதை உண்டா என்று தோழியிடம் கேட்கிறாள். இது ஒரு ஆண் எழுதியது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார், திருமங்கை ஆழ்வார் பரகால நாயகி ஆனார், பதம் எழுதிய ஆண்கள் எல்லோரும் நாயகி ஆனார்கள். அந்த நீண்ட வரிசையில் பாரதியின் நாயகிகள் மற்றவர்களைவிட உயிருள்ளவர்கள் என்றே சொல்வேன்.

இப்போது ‘காட்டிலே தேடுதல்’. கண்ணனைத் தேடிக் காட்டில் திசை தெரியாமல் இளைத்துக் கிடக்கும் பெண்ணிடம் ஒரு வேடன் வருகிறான். அவள் அழகைப் புகழ்கிறான். இறைச்சியும் கள்ளும் தருகிறேன் என்கிறான். அவள் அவனை அண்ணா என்று அழைத்துக் காலில் விழுகிறேன் என்கிறாள், இன்னொருவன் மணந்த பெண்ணைக் கண்ணால் பார்ப்பதும் தகுமா என்று கேட்கிறாள். தனியாக மாட்டிக்கொண்ட பெண் கையில் கிடைத்ததையெல்லாம் கேடயமாகப் பிடிப்பாள். அண்ணா என்ற சொல், கல்யாணம் என்ற சொல். கிண்டி ரயில் நிலையத்தில் கடைசி வண்டி போன பிறகு ஆட்டோவில் ஏறியதும் “அண்ணா” என்று நாம் ஆரம்பிப்பதும், போனில் யாரும் இல்லாமலே “இதோ வந்துட்டேங்க” என்று பேசுவதும் அதே கேடயம்தான். வேடன் என்ன சொல்கிறான்? சாத்திரமெல்லாம் எனக்கு வேண்டாம், உன் இன்பம்தான் வேண்டும் என்கிறான். அதைக் கேட்டு அவள் அலறி விழுகிறாள். கண் விழித்தால் கண்ணன் நிற்கிறான்.

இந்தப் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு, ‘கண்ணம்மா என் காதலி’யின் முதல் பாட்டான ‘காட்சி வியப்பு’க்குப் போங்கள். அவள் கண்ணைச் சூரிய சந்திரனாக, சேலையை வானமாகப் பார்க்கும் பாட்டு. தமிழில் காதலித்தவர்களில் பாதிப் பேர் அதைப் பாடியிருப்பார்கள். அதன் கடைசியில் கண்ணம்மா ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்பது பாட்டில் இல்லை. அவள் சாத்திரம் பேசுகிறாள் என்று அவன் சொல்வதிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். சாத்திரம் எதற்கு என்று அவன் கேட்கிறான். பெரியவர்கள் சம்மதத்தோடு செய்யும் கல்யாணச் சடங்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், அதுவரை காத்திருக்க முடியாது என்று சொல்லிக் கன்னத்தில் முத்தமிடுகிறான். பாட்டு முடிகிறது.

இரண்டு இடத்திலும் சொல் ஒன்று: சாத்திரம். இரண்டு இடத்திலும் பெண் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஆண் தட்டிவிடுகிறான். பெண் வேடத்தில் நின்று கேட்டபோது பாரதிக்கு அது அலறி மயங்கும் அளவுக்குப் பயங்கரமாகக் கேட்டது. வேடத்தைக் கழற்றிவிட்டுத் தானே சொல்லும்போது அது கொஞ்சலாக ஒலிக்கிறது. இரண்டையும் ஒரே ஆள், ஒரே நூலில், சில பக்க இடைவெளியில் எழுதியிருக்கிறார்.

சாத்திரத்துக்காக வழக்காட நான் வரவில்லை. சாதியையும் வரதட்சணையையும் கட்டிக் காக்கும் சடங்குகளை எதிர்த்தவர் பாரதி, அதில் அவரோடு நிற்கிறேன். கேட்பது வேறு. கல்யாணத்துக்கு முன் ஒரு முத்தத்தின் விலையை யார் கட்டுவது? ஊரில் ஒரு பேச்சு எழுந்தால் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போவது யாரை? கண்ணம்மா சாத்திரம் பேசியபோது ஒருவேளை சாத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லையோ என்னவோ. அவள் சொன்னது நமக்குக் கிடைக்காததால் தெரியவில்லை.

மற்ற ஐந்து பாடல்களையும் பாருங்கள். ‘முகத்திரை களைதல்’ டெல்லித் துருக்கர் வழக்கம் என்று ஆரம்பித்து அவள் முகத்திரையை விலக்கச் சொல்கிறது. அவள் விலக்கவில்லை. வலுவில் விலக்கினால் என்ன செய்வாய் என்று கேட்கிறான், பழத்தைக் கண்டவன் தோலை உரிக்கக் காத்திருப்பானா என்கிறான். 2022இல் கர்நாடகக் கல்லூரி வாசல்களில் பெண் பிள்ளைகளின் தலைத்துணியை அவிழ்க்கச் சொன்ன காட்சிகளைப் பார்த்த பிறகு என்னால் அந்தப் பாட்டைப் பழையபடி பாட முடியவில்லை. ‘நாணிக் கண் புதைத்தல்’ அதே வாதத்தின் தொடர்ச்சி. குறித்த இடத்துக்கு அவள் வராத பாட்டு ஒன்று இருக்கிறது. செண்பகத் தோட்டத்தில் நிலவொளியில் அவன் காத்திருக்கிறான், வார்த்தை தவறிவிட்டாள் என்று புலம்புகிறான். அழகான பாட்டு. அவள் ஏன் வரவில்லை? வீட்டில் பூட்டிவிட்டார்களா, விருந்தாளி வந்துவிட்டார்களா, காய்ச்சலா, மாதவிலக்கா, மனம் மாறிவிட்டதா? பாட்டுக்கு அதில் அக்கறை இல்லை. தோழியை அனுப்பி விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. பெண் வேடத்தில் இருந்தபோது உடனே தோழியை அனுப்பினாரே.

ஒரே ஒரு இடத்தில் கண்ணம்மா நேரடியாகப் பேசுகிறாள். ‘பின்னே வந்து நின்று கண் மறைத்தல்’ பாட்டில். மாலையில் கடற்கரையில் அவன் கடலையும் வானையும் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து கண்களைப் பொத்துகிறாள். கைகளை வைத்து அடையாளம் கண்டு விலக்கி, என்ன செய்தி என்று கேட்கிறான். அதற்கு அவள் கேட்பது: அலைகளில் என்ன கண்டாய், நீல வானத்தில் என்ன கண்டாய், நுரையில் என்ன கண்டாய், சொல், சொல். ஆறு பாடல்களில் அவளுக்குக் கிடைத்த பேச்சு இந்தக் கேள்விகள்தான். அவன் பதில் சொல்கிறான்: அலையில் உன் முகம், வானத்தில் உன் முகம், நுரையில் உன் முகம். முதன்முதலில் படித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உருகிப்போனேன். இப்போது படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அவளும் அதே கடற்கரையில்தான் நிற்கிறாள். நீ என்ன கண்டாய் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. கடல், வானம், நுரை எல்லாம் அவள் முகமாகிவிட்டால் அவள் பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

கண்ணன் என் விளையாட்டுப் பிள்ளை பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் தெருப் பெண்களின் குரலில் வரும் முறையீடுதான். பின்னால் வந்து சடையை இழுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறைந்துவிடுகிறான், புதுச் சேலையில் புழுதியை வாரி இறைக்கிறான், பூ வைத்துவிடுகிறேன் கண்ணை மூடு என்று சொல்லித் தோழிக்கு வைக்கிறான். 1948இல் ‘வேதாள உலகம்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடியதிலிருந்து இன்று வரை கச்சேரியின் பின்பகுதியில் புன்னகையோடு கேட்கப்படும் பாட்டு. எங்கள் கூட்டத்தில் இதில் சண்டையே வந்தது. “குழந்தையைப் பத்தின பாட்டுல போய் ஈவ் டீசிங் தேடாதீங்க” என்றாள் ஒருத்தி. “தெருவுல புழுதி வாரி இறைக்கிறவனை எல்லாரும் குழந்தைனுதான் சொல்றாங்க” என்றாள் இன்னொருத்தி. தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. பட்டம்மாளின் குரலில் அந்த முறையீடு கேட்கும்போது, பாரதி கட்டிய பெண் வேடத்தை ஒரு பெண் வாங்கி உடுத்திக்கொண்டது போல இருக்கும். பொய் முறையீட்டுக்குள் நிஜமான முறையீடு ஒன்று நுழைந்துவிடுகிறது. பெண்கள் இந்தப் பாடல்களைப் பாடிப் பாடித் தமதாக்கிக்கொண்டதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

நிஜப் பெண் பற்றியும் பேச வேண்டும். கண்ணம்மா செல்லம்மாதான் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அது பெரிய கேள்வியில்லை. ஆனால் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 1901இல் காசியிலிருந்து பாரதி செல்லம்மாவுக்கு எழுதிய கடிதம் பரவலாகத் தெரிந்தது. திருமணம் நடந்தது 1897இல், அவருக்குப் பதினான்கு வயதில், அவளுக்கு ஏழு வயதில். கடிதம் எழுதும்போது செல்லம்மாவுக்குப் பதினொரு வயது. அவள் எதற்கோ பயந்து எழுதியிருக்கிறாள். அப்படிப் பயப்படும்படி நான் எதுவும் செய்யவில்லை, யாரோ உன்னைத் தேவையில்லாமல் பயமுறுத்தியிருக்கிறார்கள், கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் மகிழ்வேன் என்று அவர் பதில் எழுதுகிறார். அந்தக் காலத்தில் மனைவியைப் படிக்கச் சொன்ன கணவன் என்று நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தொகுப்புகளில் இருப்பது அவருடைய பதில். அவள் பயம் அவர் மறுப்பின் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. கண்ணம்மாவின் சாத்திரம் போலவே.

சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். செல்லம்மா சொல்லித்தான் தெரியும். கேட்பவர்கள் எல்லோரும் குருவிகளைப் பார்க்கிறார்கள். அன்று என்ன சமைத்தார்கள், யாரிடம் போய் மறுபடி அரிசி வாங்கினார்கள் என்று கேட்டால் கவிமனம் புரியாதவள் என்பார்கள்.

செல்லம்மா பேசாமல் இல்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் கணவர் இறந்தபோது அவர் முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தார். அடுத்த ஆண்டே பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கி ‘சுதேச கீதங்கள்’ கொண்டுவந்தார். ‘பாரதியார் சரித்திரம்’ அவர் பெயரில் 1941இல் வந்தது. 1951இல் திருச்சி வானொலியில் தன் கணவரைப் பற்றிப் பேசினார். புதுச்சேரியில் சிறுமியாக அந்த வீட்டில் புழங்கிய யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ 1954இல் வந்தது. இந்த இரண்டு பெண்களும் சொந்தப் பெயரில்தான் எழுதினார்கள், வேடம் எதுவும் இல்லாமல். ஆனால் இரண்டு புத்தகங்களையும் நாம் எதற்குத் திறக்கிறோம்? பாரதி எப்படி நடந்தார், எப்படிப் பாடினார் என்று பார்க்கத்தான். அலையிலும் நுரையிலும் அவர் முகத்தைத் தேடுகிறோம்.

பாரதி பெண்ணுக்காக எழுதியதை நான் மறக்கவில்லை. 1912இல் பாஞ்சாலியைச் சபையில் நிறுத்தி அவ்வளவு பேச வைத்தவர் அவர். பெண் விடுதலைக்கு அவர் அளவு எழுதிய ஆண் அந்தத் தலைமுறையில் குறைவு. அதனால்தான் இந்தத் தராசு முக்கியமாகிறது. பெண் என்ன நினைப்பாள் என்று தெரியாத ஆள் கண்ணம்மாவை ஊமையாக்கியிருந்தால் அதில் எழுத ஒன்றுமில்லை. தெரிந்தவர், நன்றாகத் தெரிந்தவர், பெண்ணின் உள்ளே போய்ப் பேசியவர், எதிரே ஒரு பெண் வந்து நின்றதும் அவள் பங்குப் பேச்சையும் தானே பேசிவிடுகிறார்.

பெண்கள் வேடம் கட்டினால் என்ன நடக்கும்? 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் பற்றித்தான் இன்றும் பேச்சு. ஆண்டாள் ஆயர்பாடிப் பெண்ணாகத் தன்னை வரித்துக்கொண்டு பாடினாள். அவளைப் பூமாதேவியின் அவதாரமாக்கி நாம் நிம்மதியானோம். பராங்குச நாயகி ஆன பிறகும் நம்மாழ்வார் நம்மாழ்வாராகவே இருக்கிறார்.

எங்கள் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கும் ஒரு வேடம் இருக்கிறது. இரண்டு வருடமாக ஆண் பெயரில் கணக்கு வைத்து சினிமா விமர்சனம் எழுதுகிறாள். படத்துக்கு ஒரு புலி. சொந்தப் பெயரில் முதலில் எழுதிய நான்கு பதிவுகளுக்கு வந்த செய்திகளை எங்களிடம் காட்டினாள். அதற்குப் பிறகுதான் புலி. இப்போது “தலைவா செம்ம” என்று பின்னூட்டம் வருகிறது. “பொண்ணு மாதிரி யோசிக்கிறீங்க ப்ரோ, சூப்பர்” என்று ஒருவர் எழுதியிருந்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். ஷூமனுக்கு ஃபுளோரெஸ்டான் தனக்குள் இருந்த இன்னொரு ஆளை வெளியே விட. பாரதிக்கு நாயகி வேடம் தான் போக முடியாத இடத்துக்குப் போக. இவளுக்குப் புலி, தான் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அடி வாங்காமல் உட்கார்ந்திருக்க.

கண்ணம்மா என்ற பெயர் இன்று எங்கும் இருக்கிறது. சினிமாப் பாட்டில், ஆட்டோவின் பின்பக்கத்தில், காதலர்களின் அலைபேசித் தொடர்புப் பட்டியலில். 2019இல் விஜய் டிவியில் ‘பாரதி கண்ணம்மா’ என்று தொடரே வந்தது. அதில் பாரதி ஒரு டாக்டர். மனைவியின் வயிற்றில் இருப்பது தன் குழந்தை இல்லை என்று சந்தேகப்படுகிறான். கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறி நடக்கிறாள். எபிசோடு எபிசோடாக நடந்தாள். ஊரே மீம் போட்டுச் சிரித்தது, விடுதி வரவேற்பறையில் நாங்களும் சிரித்தோம். நூறு வருடத்தில் முதல்முறையாகக் கண்ணம்மா அவன் எதிரில் நிற்காமல் போகிறாள், எங்கே போகிறாள் என்று கேமராவும் கூடவே போகிறது என்று அப்போது தோன்றவில்லை. வசனம் அதிகமில்லை, நடை மட்டும்தான். தொடர் மோசமான தொடர், அதில் சந்தேகமில்லை.

சென்ற முறை கூடியபோது ஒரு விளையாட்டு வைத்தோம். கடற்கரைப் பாட்டில் கண்ணம்மா கேட்ட கேள்விகளை அவளிடமே திருப்பிக் கேட்பது. ஆளுக்கு ஒரு பத்தி எழுதி வர வேண்டும். ஒருத்தியின் கண்ணம்மா அலையில் எதையும் பார்க்கவில்லை, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியின் கண்ணம்மா தூரத்தில் கப்பலைப் பார்த்தாள். புலிக்காரி எழுதி வரவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாள், எந்தப் பெயரில் என்று யாரும் கேட்கவில்லை. மண்டபக் காவலர் விசில் ஊதும் நேரம் ஆகிவிட்டது. அடுத்து செல்லம்மாவின் புத்தகம் வாசிப்பதாக முடிவு. கையில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதுவும் நூலகத்தில் எடுத்தது. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏழு செட் சொல்லியிருக்கிறோம்.